ஆறு எழுத்து அகலம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பம்பரம் என்று கேட்டால் வாசலில் டோக்கன் கொடுப்பவர்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார். முதல் மாடி, லேபுக்குப் பக்கத்து அறை. கதவு ஒழுங்காகச் சாத்தாது. உள்ளே ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள். நாற்காலி இல்லாமல் இல்லை. அதில் பதினாறு வருஷமாக அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கிறது.

வயது நாற்பத்து மூன்று. ஒல்லி உடம்பு, ஏற்றிச் சொருகிய முந்தானை, எந்நேரமும் எதையாவது நேராக்கிக்கொண்டிருக்கும் விரல்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளுடைய அம்மா சொல்வாளாம். சக்கரம் மட்டுமல்ல, கண்ணில் மட்டக்கோலும் வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். டைப்ரைட்டிங் வகுப்பில் மற்ற பெண்கள் கடிதம் அடித்துப் பழகியபோது அவள் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து பத்தி, நாற்பது வரி, புள்ளிக்குக் கீழே புள்ளி வந்து நிற்க வேண்டும். ஒரு புள்ளி தள்ளி விழுந்தால் தாளை உருவிக் கசக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிப்பாள். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவள், மண்டபத்தில் மூன்றாவது நாற்காலி வரிசை கோணலாக இருக்கிறது என்று மாப்பிள்ளை காதில் சொன்னாள். வெட்கப்பட்டு ஏதோ பேசுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டாராம். "நீ செத்தாலும் உன்னை நேரா படுக்க வச்சாங்களான்னு எழுந்து பாத்துட்டுத்தான் படுப்ப" என்று இன்றைக்கும் அவர் கேலி செய்வார். அவர் வண்டி மெக்கானிக். அவருடைய பட்டறைக்கு அவள் போகவே கூடாது என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்கு ஒரு தம்பி. இரண்டு வயது இளையவன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அக்காவுக்குக் கொடுத்த சுறுசுறுப்பில் ஒரு துளியாவது இவனுக்குத் தந்திருக்கலாம். உட்கார்ந்தால் எழுப்ப ஆள் அனுப்ப வேண்டும். குழந்தைகள் பின்னால் எத்தனை கத்தினாலும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பானே தவிர ஒரு அதட்டல் போட மாட்டான். போன வருஷம் அவன் கால் வீங்கி, முகம் வீங்கி, சோதித்துப் பார்த்ததில் சிறுநீரகம் பாதிக்குமேல் போயிருந்தது. அன்றிலிருந்து வாரா வாரம் ரத்தம் கொடுக்க வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது பொட்டாசியம். ஐந்துக்குள் இருக்க வேண்டும். ஆறைத் தாண்டினால் இதயம் தாளம் தப்பும், அந்த நிமிஷமே வந்து படுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஒரு நம்பரையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. நம்பரெல்லாம் அக்கா பார்த்துக்கொள்வாள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டான். அக்காவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இனி அந்தக் கறுப்புத் திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லேபில் எல்லா மெஷின்களும் ரிசல்ட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு பழைய புரோகிராம் உண்டு. எழுதியவர் வெளிநாடு போய்ப் பல வருஷமாகிறது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடித்தால் வெள்ளை எழுத்தில் பட்டியல் ஓடும். நோயாளி எண், சோதனையின் பெயர், இன்றைய ரிசல்ட், முந்தைய ரிசல்ட் என்று நான்கு பத்தி. ரிசல்ட் பத்திகள் இரண்டும் ஆறு எழுத்து அகலம். கோடு போட்ட கட்டமெல்லாம் இல்லை, வெறும் இடைவெளியை விட்டு விட்டே அந்தப் புரோகிராம் பத்தி பிரித்தது. ரிசல்ட் இன்னும் வராதவர்களுக்கு அந்த இடத்தில் வெயிட், அதாவது காத்திரு என்ற ஆங்கிலச் சொல்லைப் போடும். நான்கு எழுத்து, முன்னால் < என்று ஒரு கூர்மூக்குக் குறி, பின்னால் > என்று ஒரு கூர்மூக்குக் குறி, ஆக மொத்தம் ஆறு. பத்தி நிறைந்துவிடும். பம்பரத்துக்கு அந்தத் திரையின் மேல் பிரியம் என்றே சொல்லலாம். அவள் இவ்வளவு வருஷத்தில் சந்தித்த எதுவும் அவ்வளவு நேராக இருந்ததில்லை.

வார்டிலிருந்து போன் வரும். பதிமூன்றாம் நம்பர் பேஷண்டுக்குச் சர்க்கரை என்ன, பிரசவ வார்டில் ரத்த அளவு என்ன என்று கேட்பார்கள். அவள் நின்றபடியே திரையைப் பார்த்துப் படிப்பாள். ஒரு நாளைக்கு இருநூறு போன். காது சிவந்துபோய்த்தான் வீட்டுக்குப் போவாள். புதிதாக வந்த சூப்பரின்டென்டென்ட் இதைப் பார்த்துவிட்டு, எந்தக் காலத்தில் இருக்கிறோம், அந்தப் பட்டியலை ஒரு வெப் பக்கத்தில் போட்டுவிட்டால் அவரவர் கம்ப்யூட்டரில், போனில் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்றார். வெளியாளைக் கூப்பிட்டால் மாதக்கணக்காகும், உன்னால் முடியுமா என்று கேட்டார். முடியுமா என்று அவளிடம் யாராவது கேட்கலாமா? அன்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டாள்.

பட்டியலை அப்படியே எடுத்துப் பக்கத்தில் ஒட்டினாள். திறந்து பார்த்தால் கண்றாவி. கறுப்புத் திரையில் அணிவகுத்து நின்ற எண்களெல்லாம் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. பிரவுசருக்கு இடைவெளியின் அருமை தெரியாது. பத்து இடைவெளி விட்டாலும் ஒன்றாகச் சுருக்கிவிடும், வரி முடிந்ததா இல்லையா என்றும் கண்டுகொள்ளாது. ஒரு நோயாளியின் உப்பு இன்னொருவர் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சோதனைக்காகச் சில வார்டுகளுக்குக் காட்டினார்கள். ஆண்கள் வார்டு நர்ஸ், "அக்கா, உங்க பக்கத்தப் பாத்தா கழுத்து சுளுக்கிக்குது" என்று போனில் சிரித்தாள். அவர்கள் பக்கத்தை மூடிவிட்டுப் பழையபடி போனையே எடுத்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவளைத் தூங்க விடவில்லை. ஏழு நாள் பேய் பிடித்தவள் மாதிரி அதே வேலையாக இருந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. புத்தகத்தைப் புரட்டினாள், வீடியோ பார்த்தாள், தெரிந்தவர்களிடம் கேட்டாள். இதற்குள் இருப்பதைச் சுருக்காதே, இடைவெளியையும் வரியையும் இருக்கிறபடியே காட்டு என்று பிரவுசருக்குச் சொல்ல ஒரு வழி இருந்தது. அதைப் பிடித்தாள். அப்போதும் புள்ளிக்குக் கீழே புள்ளி வரவில்லை. ஒல்லி எழுத்து குறைந்த இடத்தையும் குண்டு எழுத்து கூடுதல் இடத்தையும் எடுத்துக்கொண்டன. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தருகிற எழுத்துருவைத் தேடிப் போட்டாள். சின்னப் போனில் வரி மடங்கி விழுந்தது. மடக்காமல் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும்படி செய்தாள். ஏழாம் நாள் சாயங்காலம் முந்தின நாள் பட்டியலைப் போட்டுப் பார்த்தாள். கறுப்புத் திரையையும் பக்கத்தையும் அருகருகே வைத்து, ஸ்கேலால் அளந்தே பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஏழு நாளில் முதல் நாள் தம்பியின் ரத்தச் சோதனை இருந்தது. ரிசல்ட் என்ன என்று அவள் திரையில் பார்க்கவில்லை. தம்பி டாக்டரைப் பார்த்துவிட்டு, கதவருகே வந்து நின்று, எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்றான். சரி போ என்று திரும்பாமலே சொன்னாள்.

அவள் சோதித்துப் பார்த்தது முந்தின நாள் பட்டியலை என்று சொன்னேன் அல்லவா? முந்தின நாள் பட்டியல் முடிந்துபோன பட்டியல். அதில் எல்லாருக்கும் ரிசல்ட் வந்திருந்தது. வெயிட் என்று ஒரு வரிகூடக் கிடையாது. கூர்மூக்குக் குறிக்குள் எது இருந்தாலும் பிரவுசர் அதைத் தனக்கு இட்ட உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும், புரியாத உத்தரவாக இருந்தால் சத்தம் போடாமல் முழுங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. பக்கம் கோணலாக இருந்தபோதும் முழுங்கித்தான் இருக்கும். அந்தக் குப்பையில் ஒரு சொல் காணாமல் போனதை யார் கண்டார்கள்?

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பக்கத்தை எல்லா வார்டுக்கும் திறந்துவிட்டார்கள். அன்றைய காலைப் பட்டியலில் பாதி வரிக்குமேல் வெயிட் இருந்தது. பக்கத்தில் அவ்வளவையும் பிரவுசர் விழுங்கிற்று. ஆறு எழுத்து போனதும் அடுத்திருந்த முந்தைய ரிசல்ட், அதே ஆறு எழுத்து அகலத்துக்கு இடப்பக்கம் நகர்ந்து, இன்றைய ரிசல்ட்டின் இடத்தில் புள்ளி பிசகாமல் போய் உட்கார்ந்துகொண்டது. எழுத்தெல்லாம் ஒரே அகலமாக இருந்ததால் துளி கோணல்கூடத் தெரியவில்லை. கோணலாக இருந்தவரை அந்தப் பக்கத்தை ஒருவரும் நம்பவில்லை. அவள் நேராக்கிக் கொடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

அன்று காலை எட்டே காலுக்குத் தம்பி ரத்தம் கொடுக்க வந்தான். கால் கனக்கிறது, யாரோ ஒருவர் காலை மாட்டிக்கொண்டு நடப்பது போல இருக்கிறது என்றான். நீ என்றைக்கு வேகமாக நடந்தாய் என்று அவள் கடிந்துகொண்டாள். அவளுக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஒன்பதரை மணிக்கெல்லாம் வார்டிலிருந்து பாராட்டு வர ஆரம்பித்தது. கழுத்துச் சுளுக்கு நர்ஸே கூப்பிட்டு, "லேபுக்கு ரெக்கை முளைச்சிருச்சாக்கா? இவ்வளவு சீக்கிரம் ரிசல்ட் வருது" என்றாள். சூப்பரின்டென்டென்ட் அறைக்கே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். போன் அடிக்காத காலை நேரத்தை அந்த அறை பார்த்ததே இல்லை. அவள் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தாள். பிடிக்கவில்லை, எழுந்துவிட்டாள்.

பத்து மணிக்குத் தன் போனில் பக்கத்தைத் திறந்து தம்பியின் வரியைத் தேடினாள். கறுப்புத் திரை எதிரிலேயே இருந்தது. ஆனாலும் தான் செய்ததில் பார்க்க ஆசை. பொட்டாசியம், இன்று, நாலு புள்ளி எட்டு. தம்பியைக் கூப்பிட்டாள்.

"நாலு புள்ளி எட்டு. உனக்கு ஒண்ணுமில்ல, சோம்பேறித்தனம்தான். போய் வண்டிய எடு" என்றாள்.

"நீ சொன்னா சரிக்கா" என்றான் அவன். பாலர் வகுப்புக் குழந்தைகளைப் பன்னிரண்டரைக்கு அழைத்து வர வேண்டும்.

போனை வைத்த பிறகு மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. ஏனென்று அவளுக்கே புரியவில்லை. ஜன்னல் வரை போனாள், திரும்பினாள், பேனாக்களை நீள வாரியாக அடுக்கினாள், கலைத்து நிற வாரியாக அடுக்கினாள். எல்லாம் நன்றாக நடக்கிற நாளில் இப்படி அலைவானேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு, பார்த்தது என்ன என்று தெரியாமல் இருப்பது போல அரித்தது.

பதினொன்றரைக்கு லேப் டெக்னீஷியன் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். அவளைவிட ஒரு வயது பெரியவர், சேர்ந்தே வேலைக்குச் சேர்ந்தவர்கள். பொட்டாசியம், சோடியம் பார்க்கிற கருவியை அவர் உப்பு மெஷின் என்றுதான் சொல்வார். "அப்பாடா, உப்பு மெஷின் இப்பத்தான்மா உயிருக்கு வந்துச்சு. காலைலருந்து ஒரு சாம்பிள்கூட ஓட்டல. அறுபது டியூப் அப்படியே நிக்குது" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். ஒரு சாம்பிள்கூடவா என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றார்.

போனை எடுத்துத் தம்பியின் வரியை மறுபடி பார்த்தாள். இன்றைய இடத்தில் நாலு புள்ளி எட்டு. முந்தைய இடம் காலி. அரித்தது அதுதான். முதல் தடவை சோதனைக்கு வருகிறவர்களுக்குத்தான் முந்தைய இடம் காலியாக இருக்கும். இவன் ஒரு வருஷமாக வாரா வாரம் வருகிறவன். கறுப்புத் திரைக்குத் திரும்பினாள். அதே வரி. இன்றைய இடத்தில் வெயிட், கூர்மூக்குகளோடு. முந்தைய இடத்தில் நாலு புள்ளி எட்டு. அவள் விரலை விட்டு எழுத்தை எண்ணினாள். ஆறு. முந்தைய பத்தியின் அகலத்தை எண்ணினாள். ஆறு. தான் சொன்னது போன வாரத்து எண், தான் பார்க்காமல் விட்ட அதே எண்.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான். ஓட்டும்போது போனை எடுத்தால் கையை உடைப்பேன் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தவள் அவள்தான். அக்கா சொன்னதில் அவன் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அது ஒன்றைத்தான்.

கால் வாசலுக்குப் போய்விட்டது. ஆனால் பக்கம் திறந்தபடி இருக்கிறது, அதில் தம்பி மட்டும் இல்லை. திரும்பி வந்தாள். பக்கத்தை அடைத்து, அந்த இடத்தில் 'இந்தப் பக்கத்தை நம்பாதீர்கள், லேபுக்குப் போன் செய்யுங்கள்' என்று ஒரே வரி போட்டாள். கறுப்புத் திரையில் வெயிட் இருந்து, முந்தைய ரிசல்ட்டும் இருக்கிற உப்புச் சோதனை வரிகளைக் குறித்தாள். மற்ற மெஷின்களின் ரிசல்ட் அதற்குள் வந்துவிட்டிருந்தது. பத்தொன்பது பேர். தம்பியைத் தவிர்த்தால் பதினெட்டு. இந்தப் பதினெட்டு பேருக்கும் காலையிலிருந்து பழைய எண்ணை வைத்துக்கொண்டு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டெக்னீஷியனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நீ போம்மா, நான் போன் போடுகிறேன் என்றார்.

"நீங்க மெஷின விட்டு வந்தா என் தம்பி ரத்தத்த யாரு ஓட்டுறது? அவன் டியூப முதல்ல போடுங்க" என்றாள். அவர் ஓடினார்.

அவள் புருஷனைக் கூப்பிட்டாள். பட்டறையிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு தெரு. "என்னங்க, தம்பி வண்டிய எங்க பாத்தாலும் நிறுத்துங்க. அவன ஓட்ட விடாதீங்க, இங்க கூட்டிட்டு வாங்க" என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நேரே நில், நகர்ந்து நில் என்று பதினெட்டு வருஷமாகக் காரணம் கேட்காமல் செய்து பழகிய மனுஷன், அன்றைக்கு அது உதவியது. ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம் மட்டும் அவள் காதில் கேட்டது.

பிறகு போனை எடுத்தாள். ஓட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடிக்கும்போது ஓரிடத்தில் நின்று, எண்ணை அழுத்தி, மணி அடிக்கும்வரை காத்திருப்பதைவிடப் பெரிய தண்டனை அவளுக்கு இருக்க முடியாது. பக்கத்தில் பார்த்த உப்பு ரிசல்ட் பழையது, அழித்துவிடுங்கள், இன்றையது இன்னும் வரவில்லை, தப்பு என்னுடையது. இதையே ஒவ்வொரு வார்டுக்கும் சொன்னாள். மூன்றாவது போனில் ஒருவர் திட்டினார். ஐந்தாவதில் எடுக்கவே ஆளில்லை, மறுபடி போட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் எடுத்தது அவளுக்குத் தெரிந்த நர்ஸ். பொட்டாசியம் குறைவாக இருக்கிறது என்று பக்கத்தில் பார்த்து, ஒரு பெரியவருக்கு அதை ஏற்றுவதற்குப் பாட்டிலைக் கையில் எடுத்திருந்தாள். பாட்டிலை மேஜைமேல் வைக்கிற சத்தம் வந்தது. "சரிக்கா" என்று வைத்துவிட்டாள். பம்பரம் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

ஒன்பதாவது போனை முடித்தபோது டெக்னீஷியன் கதவில் வந்து நின்றார். "ஆறு புள்ளி எட்டும்மா" என்றார்.

தலையை ஆட்டினாள். பத்தாவது எண்ணை அழுத்தினாள். மிச்சமிருந்த ஒன்பது போனையும் அவள் எப்படிப் பேசி முடித்தாள் என்று பின்னால் கேட்டால் அவளுக்கு ஞாபகமில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த டெக்னீஷியனுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தை குழறவில்லை, ஒரு எண் பிசகவில்லை, கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது என்று சொன்னார்.

வேன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு திருப்பம் முன்னால் ஓரங்கட்டி நின்றிருந்தது. குழந்தைகள் இன்னும் ஏறவில்லை. தம்பி ஸ்டீயரிங்மேல் தலை வைத்துக் கிடந்தான். கண் திறந்திருந்தது. மாமனைப் பார்த்ததும், ஒன்றுமில்லை, இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிடும் என்றானாம். அவனைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு, பள்ளிக்கூட வாட்ச்மேனுக்குப் போனில் சொல்லிவிட்டு, அந்த வேனையே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார் புருஷன். கைகால் முழுக்கக் கிரீஸ். பின்சீட்டில் யாரோ ஒரு குழந்தை மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டே வந்ததாம்.

அவசரப் பிரிவில் அவள் போய்ச் சேர்ந்தபோது ஊசி ஏறிக்கொண்டிருந்தது. தலைமாட்டு மெஷினில் பச்சைக் கோடு நினைத்த இடத்தில் ஏறி, நினைத்த இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை நேராக்க அவளால் ஆகாது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தம்பி கண்ணைத் திறந்தான். குறை சொல்கிற குரல் இல்லை, விஷயத்தைச் சொல்கிற குரல்தான்.

"காலைலருந்தே படபடன்னு வந்துச்சுக்கா. நீ நாலு புள்ளி எட்டுன்னு சொன்னியே, அதான் ஒண்ணும் இருக்காதுன்னு கிளம்பிட்டேன்."

அவனுடைய காலடியில் போர்வை கோணலாகக் கிடந்தது. அதை இழுத்து விடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். அந்தப் பதினெட்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சூப்பரின்டென்டென்ட் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். உப்பு மெஷின் பழுது, அதனால் வந்த குழப்பம் என்று எழுதி முடித்துவிடலாமே என்றார். யாரும் தோண்டப் போவதில்லை. அவள் நின்றுகொண்டே சொன்னாள்: "மெஷின் பழுதுதான் சார். ஆனா ரிசல்ட் இன்னும் வரலன்னு அந்தப் பழைய புரோகிராம் ஒழுங்காத்தான் சொல்லிச்சு. அதை அழிச்சது என் பக்கம்." அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அவளை எச்சரித்து ஒரு கடிதம் வந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திருத்தம் என்று பார்த்தால் ஒரே வரிதான். கூர்மூக்குக் குறியைக் குறியாகவே காட்டு, உத்தரவாக எடுத்துக்கொள்ளாதே என்று பிரவுசருக்குச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷ வேலை. அவள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை முடிந்த பட்டியலைத் தொடவே இல்லை. காலை எட்டு மணிப் பட்டியல், மெஷின் நின்றுபோன நாளின் பட்டியல், பாதியில் மின்சாரம் போன பட்டியல் என்று ஊனமான பட்டியல்களாகத் தேடித் தேடிப் போட்டுப் பார்த்தாள். வார்டு வார்டாக ஏறி இறங்கி, முந்தைய இடம் காலியாக இருந்தால் சந்தேகப்படுங்கள் என்று சொன்னாள். பக்கம் மறுபடி திறந்தது. இப்போது ரிசல்ட் வராத வரிகளில் வெயிட் தன் இரண்டு மூக்கோடும் துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்க்க அவ்வளவு அழகாக இல்லை. அவள் அதைத் தொடவில்லை.

தம்பி இப்போது வேன் ஓட்டுவதில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை, அவனுக்கு ஏற்ற வேலைதான். வாரா வாரம் ரத்தம் கொடுக்கிறான். அவள் கறுப்புத் திரையின் எதிரில் நின்று, வரியின்மேல் விரலை வைத்துப் படித்துவிட்டு அவனைக் கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் எண்ணைச் சொன்னால், நீ சொன்னால் சரி என்று வைத்துவிடுவான். அந்தப் பேச்சு இப்போது அவன் வாயில் வருவதில்லை.

"நாலு புள்ளி அஞ்சுடா" என்றாள் போன வாரம்.

அவனுக்குக் கோபமில்லை, சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனாலும் கேட்டான்.

"முந்தின இடத்துல என்னக்கா இருக்கு?"

வாழ்நாளில் ஒரு நம்பரை மனசில் வைத்துக்கொள்ளாதவன் அவன்.

"நாலு புள்ளி ஏழு" என்றாள் அவள்.

"ஆமா, அதான் போன வாரம்" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.